பாரிசுக்குப் போகாதவர்கள்

கிளென்ஃபீல்ட் கடையின் மலிவுத் தொட்டிக்குள் கையை விட்டு யசீகரன் கம்பளிக் கையுறை ஒன்றின் சோடியைத் தேடிக்கொண்டிருந்தான். தொட்டியின் அடுத்த பக்கத்திலிருந்து இன்னொரு கை அதைப் பிடித்து இழுத்தது. நிமிர்ந்து பார்த்தால் குமாரசாமி அண்ணை.

வெளியே ஆக்லாந்தின் நவம்பர் மாதக் கோடை வெயில் கார்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. தமிழ் ஆட்களின் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து பாலம் தாண்டி இவ்வளவு தூரம் வந்திருந்தான்.

"என்ன தம்பி, இஞ்சாலைப் பக்கம்?"

"சும்மா அண்ணை. நீங்கள்?"

"நானும் சும்மாதான்."

இருவரும் கையுறைகளைப் பார்த்தார்கள். இடது கை இவனிடம் இருந்தது. வலது கை அவரிடம்.

"இந்த வெயிலுக்கை உமக்கென்னத்துக்குக் கையுறை?"

யசீகரன் எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதுபவன். யோசித்துப் பொய் சொல்ல அவனுக்கு வராது. யோசிக்காமல் சொன்னான்.

"கூல் ஸ்டோர் ஒண்டிலை பின்னேர வேலை, அண்ணை. இறைச்சி அடுக்கிற வேலை. சரியான குளிர்."

"அப்ப எல்லர்ஸ்லி வேலை?"

"அது... இருக்கு."

அந்த இடைவெளியைக் குமாரசாமி கவனித்ததை யசீகரனும் கவனித்தான்.

"நீங்கள் ஆருக்கண்ணை வாங்குறியள்?"

"கனடாவிலை மருமேன் இருக்கிறான். ஆரோ போகினம். குடுத்து விடுவமெண்டு."

"ஆர் போகினம்?"

"போறவை," என்று சொல்லிவிட்டு அவர் வலது கையுறையை இவனிடம் தந்து, வேறெதையோ பார்ப்பவர்போல் நகர்ந்தார்.

குமாரசாமி அண்ணை தமிழ்ச் சங்கத்துச் செயலாளர். ஆக்லாந்திலிருந்து ஒருவர் விமானம் ஏறப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்தால், அன்றைக்கே வீட்டு வாசலில் பார்சல்கள் வந்து இறங்கும். தேன் போத்தல், கலியாண வீடியோ, சுருட்டிக் கட்டிய ஆட்டுத்தோல் விரிப்பு. ஆட்டுத்தோலை மறுக்கவும் முடியாது. கொண்டுபோய்க் கொடுக்கிற வீட்டில் சாப்பிடாமல் வரவும் முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன் லண்டனுக்குப் போனபோது அதுதான் நடந்தது. பார்சல் கொடுத்த வீடுகளின் சோபாக்களில் இருந்து இருந்தே விடுமுறை முடிந்தது. பெரிய மணிக்கூட்டுக் கோபுரத்தை ஒரு மச்சான் வீட்டு நாட்காட்டியில்தான் பார்த்தார்கள். திரும்பி வரும்போது விமானத்தில் மனைவி ராகவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஆக்லாந்தில் இறங்குவதற்குச் சற்று முன் மட்டும் சொன்னாள்.

"என்னப்பா, கலியாணம் கட்டின நாளிலையிருந்து நாங்கள் ரெண்டு பேரும் தனிய ஒரு இடம் போகேல்லை. ஒரு ஆத்தங்கரையிலை உங்கடை கையைப் பிடிச்சுக்கொண்டு நடக்கோணும். ஒருத்தரும் வந்து 'எந்த ஊர்' எண்டு கேக்கக்கூடாது."

அதற்காகத்தான் பாரிஸ். அதுவும் மாசி மாதம், குளிருக்குப் பயந்து ஒருவரும் போகாத, மலிவான மாதம். ஹோட்டல் அறையில் ரகசியமாகச் சமைக்கச் சின்ன ரைஸ் குக்கர், அரிசி, பருப்பு எல்லாம் பெட்டியில் போகும். விமானத்தில் விடுகிற நிறை அதற்கே சரி. பாரிஸ் வரைபடத்தில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பல் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் சுற்றி, 'போகக்கூடாது' என்று எழுதி வைத்திருந்தான். ஆத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் எல்லாம் நடக்கலாம்.

ஒருவருக்கும் தெரியக்கூடாது. அது மட்டும்தான்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் பக்கத்து வீட்டுக் குணவதி அக்கா ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியோடு வந்தாள். யசீகரன் குளித்துக்கொண்டிருந்தான். ராகவி கதவைத் திறந்தாள்.

"ஒண்டுக்கும் யோசியாதை பிள்ளை. வேலை இண்டைக்குப் போகும், நாளைக்கு வரும்."

"ஆருக்கக்கா வேலை போனது?"

குணவதியின் கண்கள் விரிந்தன. "உமக்குச் சொல்லேல்லையே அவர்? கூல் ஸ்டோரிலை இறைச்சி தூக்கிறாராம்."

குளியலறையிலிருந்து ஒரு இருமல் கேட்டது. ராகவி கெட்டிக்காரி. இருமலின் நீளத்திலேயே விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

"ஓமக்கா, அதுவோ. தெரியும். வெளியிலை சொல்ல வெக்கமாக் கிடக்கு."

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கறிச்சட்டியோடு வந்த இரக்கத்தை வீணாக்கக் கூடாது என்று நினைத்தாள். வீட்டிலிருந்த பெட்டி சின்னது. புதுசு வாங்கிற எண்ணமே இல்லை.

"அக்கா, உங்கடை பெரிய சூட்கேசை மாசியிலை ஒருக்காத் தருவியளோ?"

"எங்கை போறியள்?"

"ரோட்டோருவாவுக்கு."

"வேலை போன நேரத்திலையோ?"

"மனம் ஆறத்தான் அக்கா."

குணவதி வாசல் விரிப்பைப் பார்த்தாள். "அதின்ரை பூட்டு உடைஞ்சுபோச்சு, பிள்ளை," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இதைக் கேட்ட யசீகரன் துவாயோடு சமையலறைக்குள் வந்து கதிரையில் இருந்தான்.

"ரோட்டோருவா எண்டு சொன்னதுக்கு அவ என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"'அப்ப நாங்களும் வாறம்' எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை."

"'சேர்ந்து போவம், ஒரு வான் பிடிப்பம்' எண்டு?"

"இல்லையப்பா."

மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று மணித்தியாலக் கார் ஓட்டத்திலுள்ள வெந்நீரூற்று ஊரான ரோட்டோருவாவுக்குப் போகிறோம் என்று சொன்னால், மற்றக் குடும்பம் 'நாங்களும் வாறம்' என்று சொல்லியே ஆக வேண்டும். வராவிட்டாலும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஒருத்தி போகிறாள் என்றால், ரோட்டோருவா பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"அவவுக்குத் தெரிஞ்சிட்டுது," என்றான்.

"என்னெண்டு தெரியும்?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

அன்று தொடக்கம் அவன் வேலிப் பக்கம் ஒரு கண் வைத்திருந்தான். அந்தச் சனிக்கிழமையே பலன் கிடைத்தது. குணவதியின் புருஷன் ஜெயரட்ணம் பின் வளவில் சூட்கேசைத் திறந்து வெயிலில் வைத்திருந்தார். இரண்டு பூட்டும் மினுங்கின. அவர் அவற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

வேலிக்கு மேலே யசீகரனின் தலை தெரிந்ததும், அவர் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

"சும்மா தூசு தட்டினன், தம்பி," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

சந்தேகம் வந்த பிறகு உலகத்தில் சாதாரண மனிதரே இல்லாமல் போய்விடுகிறார்கள். மளிகைக் கடை இராசநாயகத்திடம் யசீகரன் பயணப் பெட்டியில் வைக்க மிளகாய்த்தூள் சின்னப் பாக்கெட்டாகக் கேட்டபோது, அவர் தூளைக் கொடுக்காமல் இவனைப் பார்த்தார்.

"வழக்கமாப் பெரிய பாக்கெட்டெல்லோ எடுக்கிறனீர்?"

"மனிசி சிக்கனம் பிடிக்கிறா."

"சின்னப் பாக்கெட் முடிஞ்சுது," என்றார் அவர். அவருக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சின்னப் பாக்கெட்டுகள் இருந்தன. "அது வேறை ஆக்களுக்கு."

எந்த ஆட்களுக்கு என்று யசீகரன் கேட்கவில்லை. கேட்டால் பதிலுக்கு அவரும் ஏதாவது கேட்பார்.

பிரெஞ்சில் விலை கேட்கவாவது தெரியவேண்டும் என்று ஒரு யோசனை இருந்தது. அயலிலிருந்த உயர்பள்ளியில் பின்னேர வகுப்புகள் நடந்தன. செவ்வாய்க்கிழமை நடைபாதையில் 'பிரெஞ்சு' என்று எழுதியிருந்த கதவின் கைபிடியில் கை வைத்த நேரம், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தெரிந்த சத்தம்.

கையை எடுத்துக்கொண்டு அடுத்த கதவுக்கு நடந்தான்.

"என்ன தம்பி, என்ன வகுப்பு?" என்றார் குமாரசாமி.

யசீகரன் முன்னாலிருந்த கதவைப் படித்தான். "கார் திருத்திறது."

"அப்பிடியே. நானும் அதுதான்."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். மொறீன் என்ற பெண் ஒரு பழைய கார்ப்ரேட்டரை மேசையில் வைத்து, ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர் தந்தாள். குமாரசாமி அண்ணை கார்ப்ரேட்டரைப் பார்த்த விதத்தில், அதை அவர் முன்பின் பார்த்ததில்லை என்று தெரிந்தது. அவர் இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

'இவர் என்னைப் பின்தொடருகிறார்,' என்று யசீகரன் முடிவு செய்தான்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது குமாரசாமி கேட்டார்.

"அடுத்த கிழமையும் வருவீரோ?"

"வருவன். நீங்கள்?"

"வராமல்?"

ஆகவே வந்தார்கள். ஒருவர் வருவதால் மற்றவரும் வரவேண்டியிருந்தது. வகுப்புகள் முடிந்தபோது யசீகரனுக்கு இஞ்சின் ஒன்றைக் கழற்றிப் பூட்டத் தெரிந்திருந்தது. பிரெஞ்சில் 'நன்றி' என்ற சொல் மட்டும் தெரிந்திருந்தது. அதுவும் சுவரூடாகக் கேட்டது.

ஒரே ஒருத்தியிடம்தான் அவன் முழு உண்மையையும் சொல்லியிருந்தான். அவள் டிக்கெட் விற்ற அஞ்சேஷ்னி, ஃபீஜிக்காரி. யாழ்ப்பாணத்து ஆட்களோடு பழக்கமில்லாதவள் என்று தேடிப் பிடித்திருந்தான். விமானம், ஹோட்டல் இரண்டும் சேர்த்து அவள் சொன்ன விலை நம்பமுடியாத மலிவாக இருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் கூடிவிடும் என்று பயம். டிக்கெட்டை விமான நிலையத்தில் தன் கையாலேயே தருவேன் என்று அவள் சொன்னாள்.

மாசி வந்தது. காரில் கொண்டுபோய் விடச் சொல்லி ஒருவரையும் கேட்க முடியாது. பஸ்ஸில் போனார்கள். வெயிலில் தடித்த கோட்டுகளைப் போட்டுக்கொண்டு, கயிறு கட்டிய இரண்டு சின்னப் பெட்டிகளை மடியில் வைத்திருந்தார்கள். ராகவி சன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க யசீகரனுக்குக் கையுறை, கார்ப்ரேட்டர் எல்லாம் பெறுமதியாகத் தோன்றியது.

விமான நிலையக் கதவு தானாகத் திறந்தது. உள்ளே ஒரு தூணுக்குப் பக்கத்தில் குமாரசாமி அண்ணை நின்றார். பக்கத்தில் அவர் மனைவி யோகராணி. அடுத்த தூணடியில் குணவதியும் ஜெயரட்ணமும். அவர்களுக்கு முன்னால் அந்தப் பெரிய சூட்கேஸ், பூட்டு மினுங்க. வாசலுக்கு நேரே இருந்த வாங்கில் மளிகைக் கடை இராசநாயகமும் அவர் மனைவி அன்னம் அக்காவும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் இருப்பதில் எல்லாரும் மும்முரமாக இருந்தார்கள்.

யசீகரனின் கால் நின்றது.

"பிடிபட்டிட்டம்," என்றான் மெதுவாக. "பார், பெட்டி நிறையப் பார்சல். அதுக்குத்தான் அக்கா சூட்கேஸ் தரேல்லை."

ராகவியின் முகத்திலிருந்த சிரிப்பு போயிருந்தது. லண்டனிலிருந்து திரும்பி வந்தபோது இருந்த அதே முகம்.

அதைப் பார்த்ததும் அவனுக்குள் என்னவோ நடந்தது. வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒன்றை அவன் செய்தான். நடு மண்டபத்தில் போய் நின்றான்.

"அண்ணை. அக்கா. எல்லாரும் கேளுங்கோ," என்றான். "கூல் ஸ்டோரும் இல்லை, ரோட்டோருவாவும் இல்லை. நாங்கள் பாரிசுக்குப் போறம். ஆட்டுத்தோல் கொண்டு போக ஏலாது. தேன் ஏலாது. ஒருத்தற்றை வீட்டுக்கும் சாப்பிடப் போகவும் மாட்டம். இது எனக்கும் என்ரை மனிசிக்கும் மட்டும். கோவிக்கிறதெண்டால் கோவியுங்கோ."

ராகவி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒருவரும் கோவிக்கவில்லை. குமாரசாமி அண்ணை தன் கோட்டின் பொத்தானைத் திருகினார். குணவதி அக்கா சூட்கேசைத் தன் காலுக்குப் பின்னால் தள்ளப் பார்த்தாள். அது பெரிய சூட்கேஸ், மறையவில்லை.

அப்போது அஞ்சேஷ்னி கையில் உறைக் கட்டோடு ஓடிவந்தாள். தூண்களையும் வாங்கையும் சுற்றிப் பார்த்து, விரலால் தலைகளை எண்ணி, மூச்சு விட்டு, ஆங்கிலத்தில் சொன்னாள்:

"எட்டுப் பேர், சரி, ஒரு ஆள் குறைந்தாலும் இந்தக் குழு விலை கிடைத்திருக்காது, ஆனால் 'ஒருத்தருக்கும் சொல்லாதே' என்று நாலு வீடும் தனித்தனியாக வந்து சொன்னதால் உங்களுக்குள் ஏதோ கோபமாக்கும் என்று நினைத்து, சமாதானமாகட்டுமே என்று பாரிசில் நாலு அறையையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன்."