முருகேசரின் பேரன்

"உங்களுக்கு ஒரு பேரன் இருக்கிறாராமே?"

தொலைபேசியில் சம்மந்தி கந்தப்பு கேட்டார். முருகேசரின் வலது கையில் தூரிகை இருந்தது. அதன் நுனியிலிருந்த மணல்நிறத் துளி மேசையிலிருந்த பொம்மை யுத்த தாங்கியின் மேல் விழப்பார்த்தது. முருகேசர் கையை விலக்கி அதைத் தம் வேட்டியில் வாங்கிக்கொண்டார்.

முருகேசருக்குப் பிள்ளை ஒன்றுதான். அந்த மதுராவுக்கு இன்னும் கலியாணம் ஆகவில்லை. வருகிற மாதம் பதின்மூன்றாம் திகதி, கந்தப்புவின் மகன் மயூரதனோடு பதிவாளர் முன் கலியாண எழுத்து. இந்த நிலையில் பெண்வீட்டில் ஒரு பேரன் இருப்பதென்பது உரும்பிராயில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் மரியாதையான செய்தி அல்ல.

"பேரனோ? ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்லை. என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். செவ்வாய்க்கிழமை, ரவுணிலை, அந்த மாடிக் கடையிலை. பேரன் அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையிலை நூற்றி எழுபத்தெட்டுப் புள்ளி எண்டு நீங்கள் சொன்னனீங்களோ, இல்லையோ?"

சொன்னது உண்மைதான்.

முருகேசர் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். கோயில் பரிபாலன சபைத் தலைவர். மடிப்புக் கலைந்த வேட்டியோடு அவரைப் பார்த்தவர் ஊரில் இல்லை. அப்படிப்பட்டவர் நான்கு வருடமாகப் பின்னறையைப் பூட்டிக்கொண்டு, உள்ளங்கை அளவில் இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தாங்கிகளையும் ஜீப்புகளையும் ஒட்டி வண்ணம் பூசிவந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "உள்ளுக்கை தேவாரம் படிக்கிறார்" என்று மனைவி மீனாம்பிகை சொல்லிவைப்பாள்.

ஒட்டவேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டிகளை நகரத்து மாடிக் கடையில் விற்பவர் நீக்கிலாப்பிள்ளை. முதல்நாள் அவர், "ஆருக்கு ஐயா?" என்று கேட்டபோது, "பேரனுக்கு" என்று வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் நீக்கிலாப்பிள்ளை பேரனைச் சுகம் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்கப் பேரன் வளர்ந்தான். அவனுக்குச் சின்னமுத்துக் காய்ச்சல் வந்தது, பல் விழுந்தது, கடைசியில் புலமைப்பரிசிலும் கிடைத்தது. நீக்கிலாப்பிள்ளை மகிழ்ந்துபோய் ஒரு போத்தல் வண்ணம் இனாமாகக் கொடுத்தார். முருகேசர் அதைப் பெருமையோடு வாங்கிக்கொண்டார்.

"பத்து வயசுப் பேரன்," என்றார் கந்தப்பு. அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். கூட்டல் கழித்தலில் பிழைவிடமாட்டார். "உங்கடை மகளுக்கு இருபத்தெட்டு."

"ஐயோ, அது அண்ணையின்ரை பேரன்!"

"கனடாவிலை இருக்கிற தேவராசா அண்ணையோ? அவர் கலியாணமே கட்டேல்லை எண்டல்லோ சொன்னனீங்கள்?"

முருகேசருக்கு அது ஞாபகம் வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது. மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது.

மறுநாள் காலையிலேயே கனடாவிலிருந்து அழைப்பு வந்தது. தேவராசா எழுபத்தொரு வயதுவரை பிரமச்சாரி. அங்குள்ள சைவ மன்றத்தில் புலனடக்கம் பற்றிப் பேசுகிறவர்.

"டேய் முருகேசு, உன்ரை சம்மந்தி இஞ்சை ஆக்களிட்டை விசாரிச்சவராம். எனக்கொரு பேரனாம். புலமைப்பரிசிலும் பாஸாம். பாஸானது சந்தோசம். அவன்ரை அம்மம்மா ஆரடா?"

"அண்ணை, அது ஒரு அவசரத்திலை..."

"அவசரத்திலையோ? மன்றத்திலை ரெண்டு பேர் இப்பவே எனக்குக் கைகுடுத்திட்டாங்கள்!"

மீனாம்பிகை தலையில் கைவைத்தாள். "உண்மையைச் சொல்லித் துலையுங்கோவன்."

"கோயில் தலைவர் பிளாஸ்ரிக் தாங்கி ஒட்டுறார் எண்டோ? நாளைக்குத் திருவிழாவிலை ஒருத்தன் எனக்கு முன்னாலை சிரிக்காமல் நிப்பானோ?"

"அப்ப மதுரான்ரை பேர் கெட்டால் பரவாயில்லையோ?"

முருகேசர் தொலைபேசியை எடுத்துக் கந்தப்புவை அழைத்தார். இம்முறை நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

"சம்மந்தி, மறைச்சதுக்கு மன்னிக்கவேணும். பேரனெண்டு ஒருத்தரும் இல்லை. எங்கடை முன்பள்ளிப் பிள்ளையளுக்குத்தான் விளையாட்டுச் சாமான் வாங்கிக் குடுக்கிறனான். செய்யிற தருமம் வெளியிலை தெரியக்கூடாதெண்டு..."

கந்தப்புவின் குரல் குழைந்தது. "அடடா, என்ன பெரிய மனசு! அந்த முன்பள்ளி ரீச்சர் கோபிகா என்னட்டைப் படிச்ச பிள்ளையல்லோ. ஞாயிற்றுக்கிழமை நானும் மனுசியும் உங்கை வாறம்."

ஞாயிற்றுக்கிழமை கந்தப்புவும் மனைவி பராசக்தியும் கரவெட்டியிலிருந்து வந்து இறங்கினார்கள். பராசக்தி புன்னகைத்தாரே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில் படலை திறந்தது. கோபிகா ரீச்சர் ஒரு கடிதத்தோடு வந்தாள்.

"ஐயா, நாலு வருசமா எங்கடை பிள்ளையளுக்குச் சாமான் குடுக்கிறியளாம். அதிபர் ஐயா ரெலிபோனிலை சொன்னவர். நாங்களும் முன்பள்ளி முழுக்கத் தேடிப் பாத்தம். ஒண்டையும் காணேல்லை. ஆற்றையேன் கையிலை குடுத்துவிட்டனீங்களோ? பெற்றார் எல்லாரும் என்னைச் சந்தேகமாப் பாக்கினம் ஐயா!"

அவள் கண்ணில் நீர் நின்றது. முருகேசரால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பிள்ளை, உங்களிலை பிழையில்லை. நான் ஒண்டும் குடுக்கேல்லை. போயிட்டு வாங்கோ, நாளைக்கு நானே வந்து பெற்றாருக்குச் சொல்லுறன்."

கோபிகா போனாள். கந்தப்பு எழுந்து நின்றார்.

"முதல் பேரன். பிறகு அண்ணை. பிறகு முன்பள்ளி. எழுத்தைத் தள்ளி வைப்பம், முருகேசர். குடும்பத்தை வடிவா விசாரிக்கவேணும்."

மதுரா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய முகத்தை முருகேசர் ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த திறப்பை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தார்.

"வாங்கோ சம்மந்தி. நீங்கள் தேடின பேரப்பொடியன் இஞ்சைதான் இருக்கிறான்."

கதவைத் திறந்ததும் பெயின்ற் தின்னர் மணம் மூக்கில் அடித்தது. அலுமாரித் தட்டுகளில் நாற்பத்தொரு வண்டிகள் அணிவகுத்து நின்றன. சக்கரங்களில் காய்ந்த சேறு, புகைபோக்கிகளில் துரு, கதவு மூலைகளில் தேய்ந்த வண்ணம். எல்லாம் தூரிகை செய்த வேலை. கந்தப்பு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக் குனிந்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பேரனும் நான்தான், முன்பள்ளியும் நான்தான்," என்றார் முருகேசர். அவருடைய முதுகு நிமிர்ந்தே இருந்தது; குரல்தான் இறங்கியிருந்தது. "அந்தக் கடையிலை பெட்டியும் பசையும் பெயின்ற்றும்தான் இருக்கு. இந்த வேலை செய்யிறவை தவிர வேறை ஆரும் அந்தப் படி ஏறாயினம். கிழவன் தனக்கு வாங்கிறான் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. என்ரை மகளிலை ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் என்னிலைதான்."

"என்ரை முள்ளெடுக்கிற சாவணமும் உதுக்குள்ளைதான் கிடக்குது," என்றாள் மீனாம்பிகை. அவளுக்கும் நான்கு வருடக் குறை இருந்தது.

கந்தப்பு நிமிர்ந்தார். "இந்த ஊரிலை இருந்துகொண்டு தாங்கி செய்யிறியளோ? நாங்கள் பாத்தது காணாதோ?"

"எங்கடை றோட்டிலை ஓடின ஒண்டும் இதிலை இல்லை. நான் செய்யவும் மாட்டன். இதுகள் எண்பது வருசத்துக்கு முந்தி ஆற்றையோ பாலைவனத்திலை நிண்டதுகள்." முருகேசர் ஒரு தாங்கியின் குழாயை விரலால் மெல்லத் தொட்டார். "இது ஓடாது. சுடாது. வைச்ச இடத்திலை நிக்கும். அதுதான் எனக்குப் பிடிச்சது."

மதுரா வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள்.

கந்தப்பு தொண்டையைச் செருமிக்கொண்டார். பாடசாலை இறைவணக்கத்தில் முப்பது வருடம் ஒலித்த குரல் அது.

"முருகேசர், நான் ஒளிச்சுக் கதைக்கத் தெரியாதவன். எங்கடை குடும்பத்திலை அதிபர்மார் இருந்திருக்கினம், விதானைமார் இருந்திருக்கினம். அறுபது வயசுக்கு மேலை கதவைப் பூட்டிக்கொண்டு பொம்மை வண்டிக்குப் பெயின்ற் அடிச்ச ஒரு மனிசன் இருந்ததில்லை. நாளைக்குச் சபையிலை என்ரை சம்மந்தி ஆரெண்டு கேட்டால் நான் என்ன முகத்தோடை நிக்கிறது? நாங்கள் யோசிச்சுத்தான் முடிவு சொல்லவேணும்."

தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து அதுவரை வாய் திறக்காமல் நின்ற பராசக்தி, அதை மெதுவாக மேசையில் வைத்தார்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கடைக்கு நீங்கள் என்னத்துக்குப் போனனீங்கள்?"