குடும்பங்களைக் காத்த கிடங்குப் பூட்டு

ஆட்சி மாறிய கையோடு, மாவட்டத்தில் இத்தனை தம்பதிகள் ஏன் பிரிகிறார்கள் என்று புது அமைச்சர் வருத்தப்பட்டார். அமைச்சர் வருத்தப்பட்டால் அதற்கு ஓர் அலுவலகம் வேண்டும். ஆகவே இராமநாதபுரத்தில் 'இல்லற ஒற்றுமை ஆய்வுப் பிரிவு' திறக்கப்பட்டு, அருள்முருகன் அதிகாரியாக அமர்த்தப்பட்டார். நேர்மையானவர். கொடுத்த வேலையை முடிக்காமல் விடமாட்டார். சிக்கலே அதுதான்.

வழக்குக் கணக்குகளைப் புரட்டியவருக்கு உடம்பு புல்லரித்தது. குண்டு மிளகாய் விலை ஏறிய ஆண்டுகளிலெல்லாம் விவாகரத்து வழக்கும் ஏறியிருந்தது. விலை விழுந்தால் வழக்கும் விழுந்தது.

உறுதி செய்துகொள்ள நயினார்கோவில் பக்கம் ஜீப்பில் போனார். பூமயில் களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். புருசன் வீரபத்திரன் மேல் அப்போதுதான் வழக்குப் போட்டிருந்தாள்.

"ஏம்மா, பிரியணும்னு எப்பத் தோணுச்சு?"

"கல்யாணமான மறுவருசமே தோணிருச்சு சார்."

"அப்புறம் ஏன் இத்தனை வருசம் சும்மா இருந்தீங்க?"

"வக்கீலுக்கு யாரு குடுக்குறது? நான் வெதைச்சு நான் பறிச்ச வத்தலை அவரு வித்துப்புட்டு, கட்சிக்காரங்க கார்ல ஊர் சுத்துவாரு. இந்த வருசம் விலை நல்லா வந்துச்சு. பாதி மூட்டைய என் பேர்ல குளிர்பதனக் கிடங்குல வச்சிட்டேன். வாய்தாவுக்கு வாய்தா அதை வித்துத்தான் கேஸ் நடத்தணும்."

அருள்முருகன் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். அறிக்கையில் ஒரே வரி எழுதினார்: 'குடும்பங்களைப் பிரிப்பது கிடங்கு.'

ஆலோசனைக் கூட்டத்தில் ஒருவரும் மறுக்கவில்லை. அங்கிருந்த யாரும் மிளகாய் போடுகிறவர் இல்லை. பொதுநலன் கருதி, பராமரிப்புப் பணிக்காகக் கிடங்கு பூட்டப்பட்டது. மூட்டைகளெல்லாம் ஒரே வாரத்தில் சந்தையில் வந்து விழுந்தன. விலையும் விழுந்தது. பூமயில் வக்கீலிடம் போய், "இப்போதைக்கு நிறுத்தி வைங்கய்யா" என்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் பல பெண்கள் அதையே சொல்ல நின்றார்கள்.

வழக்குகள் வரலாறு காணாத அளவு குறைந்ததற்கு வெற்றி விழா நடந்தது. பூமயிலுக்கும் வீரபத்திரனுக்கும் மேடையில் மாலை போட்டார்கள். அருள்முருகன் மைக்கை நீட்டினார்.

"உங்களைத் திரும்பச் சேர்த்து வச்சது எதும்மா?"

"நட்டம் சார்."

பழக்கதோஷத்தில் பந்தலே கைதட்டியது.

"அது கெடக்கட்டும், கிடங்கை எப்ப சார் திறப்பீக?" என்றாள் பூமயில்.

இப்போது பெண்கள் மட்டும் தட்டினார்கள். வீரபத்திரன் மாலையைச் சரிசெய்துகொண்டான்.

"அரசின் பரிசீலனையில் உள்ளது" என்று முடித்தார் அருள்முருகன்.

சால்வையோடு வீட்டுக்கு வந்து, மனைவி மகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். அவர் அரசுப் பள்ளி டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டே கேட்டார்.

"அப்ப, கையில நாலு காசு வந்தாத்தான் பொம்பளைங்க பிரியிறாங்களா?"

"புள்ளிவிவரம் பொய் சொல்லாது."

மகேஸ்வரி பேனாவை மூடிவைத்தார்.

"ஏங்க, டீச்சர்களுக்குச் சம்பள உயர்வு எப்ப வருதாம்?"

அருள்முருகன் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவினார். மறுநாள் முதல் வேலையாக, இல்லற ஒற்றுமை கருதி ஆசிரியர் சம்பள உயர்வைத் தள்ளிவைக்கும்படி பரிந்துரை எழுதினார். எந்தக் கோப்பையும் ஆறு மாதம் அமுக்கிவைக்கும் மேலதிகாரிகள், அன்று சாயங்காலத்துக்குள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அவர்களில் பாதிப்பேர் வீட்டில் டீச்சர். மீதிப்பேர், அடுத்த பரிந்துரை நர்சுகளைப் பற்றி வருமா என்று விசாரித்தார்கள்.