கல்மேல் வைத்த கூறைப்புடவை

புதிதாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவனைத் தனியாக வெளியே அனுப்பக் கூடாது. அதுவும் அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தின் கூறைப்புடவையைக் கையில் கொடுத்து அனுப்பவே கூடாது.

அப்போது நான் பொறியியல் முடித்துவிட்டு, வேலை தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, தொல்லியல் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வட்டமாக நாலு கல் கிடந்தால் போதும், எனக்கு அது பெருங்கற்காலம். (செவிலிமேட்டில் யாரோ வீடு கட்ட இறக்கிவைத்த கருங்கல்லைக்கூடச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்திருக்கிறேன். வாட்ச்மேன் துரத்தினார்.)

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் அம்மா நெய்த புடவை அது. அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. முசரவாக்கம் தாண்டி ஒரு கிராமத்தில் மாப்பிள்ளை வீடு. மறுநாள் முகூர்த்தம். நான் கிளம்பிய அன்றே, ராகு காலம் தொடங்குவதற்குள் புடவையைச் சீர்த்தட்டில் வைத்து, வேனில் மண்டபத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

"வழியில எங்கயும் நிக்காதப்பா. கீழ மட்டும் வெச்சிடாத. நேரா மல்லிகா கையில குடு" என்றார் அம்மா. மல்லிகா அக்கா மாப்பிள்ளையின் மூத்த சகோதரி. ஆர்டர் கொடுத்ததே அவர்தான்.

நேராகத்தான் போனேன். வழியில் அந்தக் குன்று குறுக்கே வந்தது.

உச்சியில் கல்வட்டங்கள் இருப்பதாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்லியிருந்தார். ஐந்து நிமிடம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு, வண்டியை நிறுத்திவிட்டுப் பையுடன் ஏறினேன். மேலே போனதும் மூச்சே நின்றுவிட்டது. முட்புதர்களுக்கு நடுவே வட்டமாக நட்ட கற்கள், நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு மூடுகல். அசல் கற்பதுக்கை! இரும்புக் காலத்து மனிதர் ஒருவரை அடியில் அடக்கம் செய்து, மேலே கல்லால் மூடியிருக்கிறார்கள்.

தொல்லியல் படம் என்றால் அளவு தெரிய அருகில் ஒரு பொருள் வைக்க வேண்டும். என்னிடம் அளவுகோல் இல்லை. ஆனால் அம்மா மடிக்கும் புடவையின் அளவு எனக்கு அத்துப்படி. பையைப் பிரித்து எடுத்து, கரை தெரியும்படி மூடுகல்லின் மேல் வைத்தேன். (கீழே வைக்காதே என்றுதானே சொன்னார்? கீழே வைக்கவில்லையே. கீழே வேறு ஒருவர் இருந்தார்.)

படம் அட்டகாசம். 'பல ஆயிரம் வருடக் கல்லறை மேல் எங்க அம்மா நெய்த கூறைப்புடவை!' என்று எழுதி ஸ்டேட்டஸில் ஏற்றிவிட்டு, விசிலடித்தபடி இறங்கினேன்.

வண்டியில் சாவியைப் போடும்போதுதான் மண்டையில் உறைத்தது. என் போனில் மல்லிகா அக்காவின் எண் இருக்கிறது. அவர் போனில் என் எண் இருக்கிறது.

அழிக்கலாம் என்று எடுத்தால், அடிவாரத்தில் சிக்னல் இல்லை. உச்சியில்தான் உண்டு. மறுபடி ஏறினேன். ஒரு முள் பட்டாலும் ஜரிகை இழுத்துக்கொள்ளும் என்பதால் பையைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, காவடி எடுத்தவன் போல ஓடினேன். கால்சட்டை கிழிந்தது. உச்சியில் போனைத் திறந்தால், பார்த்தவர்கள் வரிசையில் முதல் பெயரே மல்லிகா அக்கா.

அழித்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு வண்டியை விட்டேன்.

வாசலில் வேன் நின்றிருந்தது. மல்லிகா அக்கா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாப்பா! போட்டோ பாத்தேன். எழுதியிருந்தத படிக்கலாம்னு கண்ணாடி எடுத்துனு வர்றதுக்குள்ள காணோம். மலை மேல சாமி கல்லாண்ட வெச்சு எடுத்துனு வந்தியா? நல்ல மனசுப்பா உனக்கு!"

நான் தலையை ஆட்டிவிட்டுப் புடவையை எடுத்து நீட்டினேன். அவர் புடவைக்கு மஞ்சள் வைக்கக் கிண்ணத்தில் விரலை விட்டார். இன்னும் ஒரு நிமிடம். ஒரே ஒரு நிமிடம் நான் ஊமையாக இருந்திருந்தால் போதும்.

அவருடைய அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னார்: "அந்தக் கல்லா? அது குள்ளருங்க வீடாச்சே. அந்தக் காலத்துல முழங்கால் ஒசரம் ஆளுங்க கட்டிக்கினு குடியிருந்தாங்க."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாக்கு ஜெயித்தது.

"இல்லைங்க தாத்தா, அது வீடே இல்ல. குள்ளருங்களும் இல்ல. நம்மளாட்டம் ஒசரமான ஆளுங்கதான். செத்தவங்கள அதுக்குள்ள வெச்சு..."

நிறுத்தினேனா? பானை, இரும்புக் கத்தி, எலும்பு என்று எல்லாவற்றையும் சொல்லி, மூடுகல் எவ்வளவு பெரிசு என்பதைப் புடவையைத் தூக்கிப் பிடித்தே காட்டினேன்.

மல்லிகா அக்காவின் மஞ்சள் விரல் அந்தரத்தில் நின்றது.

"பொணம் பொதைச்ச எடத்துலயா வெச்ச?"

"ரொம்பப் பழைய பொணம்கா" என்றேன், ஆறுதலாக.

அடுத்த நொடி அவர் என் அம்மாவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டுவிட்டார். "உன் புள்ள சுடுகாட்டுல வெச்சு எடுத்துனு வந்துக்கிறான்மா! இத எப்பிடி அந்தப் பொண்ணுக்குக் கட்டுவேன்?" மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த தறிச்சத்தம் நின்றது. எனக்கு அது இதயத்துடிப்பு நின்ற மாதிரி கேட்டது. "அரை மணி நேரம் குடு மல்லிகா" என்று மட்டும் அம்மா சொன்னார்.

ராகு காலம் நெருங்கியது. வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். கூறை இல்லாத தட்டு கூடத்தில் காத்திருந்தது. நானும் புடவையும் ஒரு மூலையில். யாரும் எங்கள் இருவர் பக்கம் வரவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. அம்மா இறங்கினார், கையில் அதே அரக்கு, அதே பச்சைக் கரை. தறியில் ஏற்றும் ஒரு பாவு நூலில் மூன்று புடவை வரும். ஒன்று என்னோடு மலையேறியது. ஒன்று கடைக்குப் போனது. மூன்றாவதை அம்மா பீரோவில் வைத்திருந்தது எனக்கே தெரியாது.

"இந்தா மல்லிகா, அதே பாவுதான். இது பீரோவ உட்டு எங்கயும் போவல."

மஞ்சள் வைத்து, தட்டு வேனில் ஏறி, வேன் கிளம்பியது. அம்மா அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அது உன் பொண்டாட்டிக்குன்னு எடுத்து வெச்சிருந்தது. இனிமே அவளுக்கு உன் கையில இருக்குறதுதான். வர்றவகிட்ட நீயே சொல்லிக்க."

சொன்னேன், பெண் பார்க்கப் போன அன்றே. கவிதா கேட்டது ஒன்றுதான்: "கரையில கறை ஏதும் இல்லியே?"

எங்கள் முகூர்த்தத்தில் அவள் அதையே கட்டிக்கொண்டு மணவறைக்கு வந்தாள். முன்வரிசையிலிருந்து என் சித்தி உரக்கச் சொன்னார்: "சுடுகாட்டுப் பொடவை ஜோரா இருக்குதுடி!" மந்திரம் நின்றது. கவிதாவின் அப்பா எழுந்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"சுடுகாடு இல்ல சித்தி. அங்க எரிக்கல, அடக்கம்தான்..."

அதற்கு மேல் பேச முடியவில்லை. அம்மி மிதிக்கும் சடங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. கவிதா அதுவரை காத்திருக்காமல் என் காலை மிதித்துவிட்டாள்.

இன்றைக்கும் வீட்டில் யாரையாவது திருத்துவதற்காக நான் மூச்சை இழுத்தால் போதும், தறியிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா குரல் கொடுப்பார்: "கவிதா, மிதிமா!"