பின்னால் வர வேண்டிய கார்

பகாவில் மகன் வீட்டில் இருக்கும், நம் காரின் பின்பெட்டிக்கு உரிமையாளர் மதார் மைதீன் பாய் அவர்களுக்கு, ரந்தாவ் தோட்டத்திலிருந்து பின்சீட்டு வலது பக்கம் மணியம் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு நான், மகன், மருமகள், கார் எல்லாரும் நலம். உங்கள் வீட்டம்மா, தங்கச்சி சைதூன் பீவியின் முட்டி வலி எந்த மட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. போனில் பேசினால் நீங்கள் "என்ன, என்ன" என்று கேட்பதிலேயே பேச்சு தீர்ந்துவிடுகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் மோகனா எழுதுகிறாள். உங்கள் மகன் ஆகில் இதைக் காதோரம் உரக்கப் படிக்கட்டும்.

அந்தப் பழைய காரில் எங்கள் அத்தாவுக்கு என்ன இருக்கிறது, எந்த வருஷத்துக் கணக்கு அது என்று ஆகில் மோகனாவிடம் கேட்டாராம். வருஷத்துக்கு எண் சொல்ல எனக்குத் தெரியாது, நான் பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன். ஆனால் அது நாலாம் டிவிஷனில் கடைசி ரப்பர் மரத்தைச் சாய்த்துச் செம்பனைக் கன்று வைத்த வருஷம். முனியாண்டி கோயில் தகரக் கூரை காற்றில் கிளம்பிப் போய்க் கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழிக்கூண்டின்மேல் உட்கார்ந்த வருஷம். உங்களுக்கு ரஜியா பிறந்து நீங்கள் லயம் முழுக்க மைசூர்பாகு கொடுத்து, அதைக் கடித்து இராஜமாணிக்கத்துக்குப் பல் போன வருஷம். அந்த வருஷம்தான் நாம் ஐந்து பேர் சேர்ந்து கார் வாங்கினோம். பொதுவாக வைத்தால் சண்டை வரும், பிரித்துக்கொள்ளுங்கள் என்று கிராணி சொன்னார், பிரித்துக்கொண்டோம். லாரி ஓட்டிய ஆறுமுகத்துக்கு டிரைவர் சீட், இராஜமாணிக்கத்துக்கு அதன் பக்கத்துச் சீட், பின்னால் இடது நல்லசாமிக்கு, வலது எனக்கு. கடை வைத்திருந்த நீங்கள் "எனக்கு உக்கார நேரமில்ல, சாமான் ஏத்த பின்பெட்டி போதும்" என்றீர்கள். இன்ஜின் யாருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மூடியிருந்ததால் மறந்துபோனது.

சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிய கையோடு ஆறுமுகம் ஒரு சட்டம் சொன்னார். பங்காளிகளில் யார் போனாலும் கார் சுடுகாடு வரை நடை வேகத்தில் பின்னால் வர வேண்டும், போனவருடைய இடம் காலியாக வர வேண்டும். எல்லாரும் சரி என்றோம். முதலில் போனவர் ஆறுமுகம். டிரைவர் சீட் காலியாக இருக்க வேண்டும் என்றால் காரை யார் ஓட்டுவது என்று அப்போதுதான் யோசித்தோம். நல்லசாமி வெளியே நடந்தபடி ஜன்னல் வழியாகக் கையைவிட்டு ஸ்டீரிங்கைப் பிடிக்க, நானும் இராஜமாணிக்கமும் தள்ள, நீங்கள் உங்கள் பெட்டியில் கை வைத்துத் தள்ளினீர்கள். இறக்கத்தில் கார் ஆறுமுகத்தை முந்தப் பார்த்தது. ஹேண்ட்பிரேக்கைப் பிடிக்க நல்லசாமி பாதி உடம்பை ஜன்னலுக்குள் நுழைத்தார், சுடுகாடு வரை அதை வெளியே எடுக்க முடியவில்லை. ஆனாலும் சட்டப்படி சீட் காலியாகத்தான் வந்தது. பிறகு நல்லசாமி போனார், அப்போதும் கார் வந்தது. போன மாதம் இராஜமாணிக்கமும் போய்விட்டார். உங்களால் வர முடியவில்லை என்பதில் யாருக்கும் வருத்தமில்லை. இனி நான் போகும்போதும் கார் என் பின்னால் வர வேண்டும், அதற்கு உங்கள் வாயிலிருந்து ஒரு சொல் வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். என்ன சொல் என்பதைச் சொல்வதற்கு முன்னால் காருக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து மகள் வர வேண்டும் என்று இராஜமாணிக்கத்தை மறுநாள் மதியம் வரை வைத்திருந்தார்கள். இப்போதெல்லாம் ஆறுமுகம் வீட்டில் கேட்டுக்கொண்டு மோகனாதான் ஓட்டுகிறாள். வாரா வாரம் ரந்தாவ் பசாருக்குப் போய்வருகிற கார், ஒரு குறையும் சொன்னதில்லை. இருந்தாலும் நடை வேகத்தில் போய்ப் பழக்கம் விட்டிருக்குமே என்று காலையில் ஒருமுறை சுடுகாடு வரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கோயில்கூட வரவில்லை, மோகனா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"மாமா, சூட்டு முள்ளு மேல ஏறுது."

"ஏறட்டும். கோயில் வந்துடுச்சு."

"கோயிலும் வந்துடுச்சு, செவப்பும் வந்துடுச்சு லா."

பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி வந்தது. நிறுத்திவிட்டு, ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வாசலில், ஒரு காலத்தில் நம்மையெல்லாம் வேலை வாங்கிய பழைய மண்டோர் தர்மராஜ் நின்றிருந்தார். அவருக்கு இந்தக் காரில் ஒரு திருகாணிகூடப் பங்கில்லை என்பது உங்களுக்குத் தெரியும், அதனால் சொல்ல வேண்டியது அவரிடம் நிறைய இருந்தது. பானெட்டைத் திறக்கும் முன்பே "கெஸ்கெட்டு போச்சு" என்றார், இன்ஜினில் கசிவை அடைக்கிற தகடாம் அது. அவருடைய மனைவியின் தையல் மெஷின் நின்றபோதும் அவர் கெஸ்கெட் என்றுதான் சொன்னார். என் முதுகு பிடித்துக்கொண்டபோதும் அதுதான். இதற்குள் இராஜமாணிக்கத்தின் மகன் வசந்தன் துண்டோடு வந்து, "மாமா, கார் வரலன்னா விடுங்க, சாவு வண்டிக்குச் சொல்லிட்டேன்" என்றான். நான் சொன்னேன், "வண்டி அவரு போறதுக்கு. கார் நாங்க வர்றதுக்கு." அவன் பந்தல் போடப் போய்விட்டான்.

மோகனா போனில் ரிப்பேர் வீடியோ போடுகிற ஒருத்தனைப் பிடித்தாள். அவன் எந்த ஊரோ, மேசைமேல் காரின் பாகங்களைப் பரப்பிவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது அவனுடைய முதல் பாடம். "போன்ல பேசறவன் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் டிராக்டர் பாத்தவன்" என்று மண்டோர் என் துண்டைப் போட்டு மூடியைத் திருகினார். துண்டு ரம்புத்தான் மரத்தில் போய்த் தொங்கியது. மூடி எங்கே போனது என்று தெரியவில்லை. மண்டோர் தப்பித்தார், ஆனால் சாவு வீட்டுக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை துருத் தண்ணீரில் நனைந்து செங்கல் நிறமானது. மூடியைக் கால்வாயில் கண்டெடுத்து, இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தண்ணீர் ஊற்றி மூடி, மறுபடியும் ஓடவிட்டோம். முள் மறுபடியும் ஏறியது. காருக்குள் ஹீட்டர் இருந்தால் அதைத் திறந்துவிடு, சூடு அந்த வழியாகக் குறையும் என்றான் போன்காரன். இந்த வெயிலில் வெந்துகொண்டிருக்கிறவர்களுக்கு எவன் காருக்குள் அடுப்பு வைத்துக் கொடுப்பான். அதை விட்டுவிட்டோம்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கதவுபோல ஒரு சின்னச் சாமான். தண்ணீர் சூடானால் அது வாயைத் திறந்து வழிவிட வேண்டும், திறக்காவிட்டால் சூடு உள்ளேயே சுற்றும். அதைக் கழற்றிக் கொதிநீரில் போட்டால் நல்லதா கெட்டதா என்று தெரிந்துவிடுமாம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதே, அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் மோகனாதான் எங்கள் வீட்டு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதிக்கவைத்திருந்தாள். மண்டோர் யாரிடமும் கேட்காமல் சாமானை அந்தப் பானையில் போட்டுவிட்டார். அது அருமையாக வாயைத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே வந்த மோகனாவும் திறந்தாள்.

"இது என்னா பெரியப்பா, என் காப்பித் தண்ணியில?"

"சாமான் நல்லா இருக்கும்மா. அப்ப இது கெஸ்கெட்டுதான்."

அவள் பானையை வாசலுக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். கவிழ்ப்பதற்கு முன் ஒரு கிளாஸ் மொண்டு, தூளும் சீனியும் போட்டு மண்டோருக்குக் கொடுத்தாளா இல்லையா என்பதை எழுத மறுக்கிறாள். ரந்தாவில் எந்தக் கடையிலும் இப்படி ஒரு காப்பி கிடையாது என்று மண்டோர் சொன்னதை மட்டும் நான் கேட்டேன்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினோம். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பந்தலில் தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆளுக்குக் கார் வரவில்லை என்றால் நான்காவது ஆள் எந்த முகத்தோடு கேட்பது. மோகனா முறத்தை எடுத்துவந்து, ஓடிக்கொண்டிருந்த காரின் முன்னால் குனிந்து ரேடியேட்டருக்கு விசிறினாள். முள் கொஞ்சம் இறங்குகிற மாதிரி இருந்தது. நான் உள்ளேயிருந்து "விடாத, விடாத" என்றேன். திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"மாமா, நான் ஒருத்தி விசிறிக்கிட்டு இருக்கேன், உள்ள ஒரு காத்தாடி சும்மா நின்னு வேடிக்க பாக்குது."

விஷயம் அவ்வளவுதான். வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், மெதுவாகப் போகும்போது அந்தக் காத்தாடிதான் ஆற்ற வேண்டும். பசாருக்கு வேகமாகவே போய்வந்த கார், அதனால் யாருக்கும் தெரியவில்லை. சாவுக்குப் போகும் வேகத்தில் மட்டும் வருகிற வியாதி. ஓடவிட்டதை நிறுத்தி, காத்தாடியின் ஒயரைத் தடவிக்கொண்டே போனால் நடுவில் எலி கடித்திருந்தது. செம்பனை வந்தபிறகு எலிக்கு என்ன குறைச்சல். மோகனா வீட்டு அழைப்புமணியின் ஒயரையும் வாசல் விளக்கின் சுவிட்சையும் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் காத்தாடிக்கு இழுத்து, சுவிட்சை ஸ்டீரிங்குக்குக் கீழே ஒட்டினாள். அந்த ஒயர் தாங்காது, எரிந்துபோகும் என்றார் மண்டோர். போன்காரனும் அதையே சொன்னதால், மோகனா அதைப் பிடுங்கிவிட்டு என் மகனின் பழைய மோட்டார் சைக்கிளிலிருந்து தடித்த ஒயரைப் போட்டாள். சுவிட்சைத் தட்டினாள். காத்தாடி சுற்றியது. முள் பாதியில் நின்றது, அங்கேயே இருந்தது. மண்டோர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, இப்போதைக்குக் கெஸ்கெட் தாங்குகிறது என்றார்.

இராஜமாணிக்கத்தைத் தூக்கினார்கள். அவருடைய சீட் காலி, மோகனா ஓட்ட, நான் என் இடத்தில். முன்னால் தப்பு, பிறகு சாவு வண்டி, பிறகு நாங்கள். கோயில் தாண்டியதும் சாவு வண்டி நின்றது. அதன் இரண்டு பக்கமும் ஆவி வந்தது. ஓட்டிவந்த பையன் இறங்கித் தலையைச் சொறிந்தான். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

"கெஸ்கெட்டு."

என்ன செய்வது, பாய். உங்கள் பின்பெட்டியில் நீங்கள் அரிசி மூட்டை கட்டிய கயிறு இன்னும் கிடந்தது. அனுமதி கேட்க நேரமில்லை, இப்போது கேட்டுக்கொள்கிறேன். காரை முன்னால் கொண்டுபோய்க் கயிற்றைக் கட்டி இழுத்தோம். பின்னால் வர வேண்டிய கார் முன்னால் போனது, இராஜமாணிக்கம் அதன் பின்னால் வந்தார். சட்டம் தலைகீழாகிவிட்டதே என்று நான் ஜன்னல் வழியாக வசந்தனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா அவரு காரப் பாத்துக்கிட்டே போறாரு. விடுங்க மாமா" என்றான். முள் பாதியைத் தாண்டவில்லை.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். திரும்பி வந்து குளித்தபிறகு மோகனா சொன்னாள், "மாமா, நீங்க இருக்கிற வரைக்கும் கார் இருக்கட்டும். அதுக்கப்புறம் இரும்புக் கடைக்குக் குடுத்துடலாம்னு அவரு சொல்றாரு." அவர் என்றால் என் மகன், அவனுக்கு வாசலில் இடம் வேண்டும். நான் சொன்னேன், "அதுக்கப்புறந்தான் எனக்குக் கார் வேணும்." அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. இராஜமாணிக்கத்துக்காக நான் அலைந்தேன், நல்லசாமிக்காக இராஜமாணிக்கம் அலைந்தார். எனக்காகச் சட்டம் பேச நீங்கள் ஒருவர்தான் பாக்கி. என் மகனிடம் நீங்கள் போனில் இவ்வளவு சொன்னால் போதும்: "பின்பெட்டி என்னோடது. மணியத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கற வரைக்கும் கார விக்க நான் சம்மதிக்க மாட்டேன்." அவன் என்ன பதில் சொன்னாலும் உங்களுக்குக் கேட்கப்போவதில்லை, அது நமக்கு நல்லது. அந்த நாள் வரும்போது ஆகிலோடு வந்து, பின் வலது சீட் காலியாக இருக்கிறதா, காத்தாடி சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் நான் நிம்மதியாகப் போவேன்.

தங்கச்சி முட்டிக்கு வேலிப்பருத்தி இலையை வதக்கிக் கட்டவும். ரஜியாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆகிலுக்கும் என் ஆசீர்வாதம். நீங்களும் நானும் ஒரே வயதுக்காரர்கள், உங்களுக்கு நான் ஆசி சொல்ல முடியாது. அல்லா உங்களை நன்றாக வைத்திருக்கட்டும், முனியாண்டியிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மணியம், பின்சீட்டு வலது பக்கம்

பின்குறிப்பு: எழுதியதை மோகனா முழுக்கப் படித்துக் காட்டினாள். காட்டிவிட்டு, "அப்ப பாய் போறப்ப யாரு மாமா பின்னால போவா?" என்று கேட்டாள். நான்தான் அதற்குள் போயிருப்பேனே என்றேன். சொன்னபிறகுதான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கார் வந்து, பெட்டிக்காரருக்கு மட்டும் வராமல் போனால் அது பங்கு பிரித்த கணக்காக இல்லை. ஆகவே மேலே உள்ளதை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன். கை வலிக்குது, அடிக்க முடியாது என்கிறாள். அடித்ததாக வைத்துக்கொண்டு படிக்கவும். என் மகனிடம் நீங்கள் பேச வேண்டாம், நான் உயிரோடு இருக்கும்வரை அவன் காரைத் தொட மாட்டான், அதனால் நானே இருந்துகொள்கிறேன். நீங்கள் முதலில் போங்கள், பாய். அவசரம் ஒன்றும் இல்லை, உங்களுக்குத் தோதுப்பட்டபோது. பின்பெட்டியைத் துடைத்துக் காலியாக வைத்துக்கொண்டு பகாவ் வரை வேகமாக வந்து, உங்கள் தெருமுனையிலிருந்து உங்களை அடக்கம் செய்யும் மையவாடி வரை நடை வேகத்தில் வருகிறேன். எனக்குப் பின்னால் வர ஆள் இல்லாவிட்டால் என்ன. ஐந்து பேரில் கடைசியாக உயிரோடு இருக்கப்போகிறவன் மணியம்.