சிவப்பு ரிப்பன் கட்டிய செடிகள்

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட மாமா அவர்களுக்கு, தங்கள் ஒரே மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவைத் தொட்டிருக்கிறேன். தங்கள் மகளும், பிறந்த நாளிலிருந்து என் முகத்தை போனில் மட்டுமே பார்த்துப் பார்த்து வீறிட்டு அழுகிற தங்கள் பேத்தியும் சுகம் என்று நேற்றே அறிந்தேன். இங்கே நானும் சுகம். இடது கண் மட்டும் இன்னும் முக்கால்வாசிதான் திறக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

முதலில் தங்கள் கேள்விக்குப் பதில். "வீடு இருக்கா, போச்சா? சுத்தி வளைக்காம ஒரே வார்த்தையில சொல்லுங்க மாப்பிள்ளை" என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது. மீதி உள்ளதெல்லாம் எப்படி இருக்கிறது என்ற விளக்கம்தான். இதை போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பேசுகிற பழக்கம் உள்ளவர். வீட்டைக் காலி செய்யச் சொன்ன பேச்சே தங்கள் மகளுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அதனால்தான் கடிதம். தயவுசெய்து இதை உரக்கப் படிக்க வேண்டாம்.

தங்களுக்குத் தெரியும், பழைய வீடு மூன்றாவது மாடியில். பிரசவமானவள் கைக்குழந்தையோடு அந்தப் படிகளை ஏறி இறங்க முடியாது என்று நாயாய் அலைந்து இந்தத் தரைத்தள வீட்டைப் பிடித்தேன். கைக்குழந்தை என்று சொன்னதும் முகத்தைச் சுளிக்காத வீட்டுக்கார அம்மா இந்த ஊரிலேயே இவர் ஒருவர்தான். முன்னால் கொஞ்சம், பின்னால் நிறைய என்று தோட்டம் வேறு. ஒப்பந்தத்தில் 'தோட்டத்தைப் பராமரிப்பது குடியிருப்பவரின் பொறுப்பு' என்று ஒரு வரி இருந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் அல்லவா, அந்த வரியை இரண்டு முறை படித்துவிட்டு, ஓர் எழுத்துப்பிழைகூட இல்லையே என்ற திருப்தியில் கையெழுத்துப் போட்டேன். அது சொன்ன விஷயம் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் மழை பெய்தது. தங்கள் மகள் பிரசவத்துக்கு அங்கே வந்துவிட்டாள், எனக்குப் பள்ளிப் புத்தக வேலை குவிந்துவிட்டது, செடிகளுக்கு வேறு வேலையே இல்லை, வளர்ந்தன. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. பேப்பர் போடுகிறவர் வெளியிலிருந்தே விசிறி எறிவார். அது எங்கே விழுந்தது என்று அன்றைக்குக் கண்டுபிடித்தால் அது என் அதிர்ஷ்டம். கூரியர்காரர் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "சார், இந்த அட்ரஸ்ல வீடே இல்லையே" என்று எனக்கே போன் செய்தார். நான் ஜன்னல் வழியாகத் துண்டை ஆட்டிக் காட்டினேன். தெரியவில்லை என்றார்.

இப்படி இருக்கும்போது போன வாரம் வீட்டுக்கார அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். உள்ளேகூட வரவில்லை. "என்ன தம்பி இது, வீடா காடா? வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்தரம் வருவேன். சுத்தமா இருந்தா இருங்க. இல்லேன்னா மாசக் கடைசியில சாவியைக் கொடுத்துடுங்க" என்றார். சரிங்கம்மா, சரிங்கம்மா என்று தலையாட்டினேன். திரும்பிப் போனவர் நின்று, "அப்புறம் இன்னொண்ணு. எங்க வீட்டுக்காரர் அவர் கையால வெச்ச செடி இதுக்குள்ள நிறைய இருக்கு. அவர் போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது அதுதான். அதுல ஒண்ணு போச்சுன்னாலும் அன்னைக்கே சாவி" என்றார். எந்தச் செடிங்கம்மா என்று கேட்டேன். "அதை வேற நான் சொல்லணுமா? பார்த்தாலே தெரியும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். மாதக் கடைசியில்தான் நான் அங்கே வந்து குழந்தையை அழைத்துவருவதாக ஏற்பாடு. எந்த வீட்டுக்கு அழைத்துவருவது என்று நினைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை மாமா. உண்மையாகவே இறங்கவில்லை.

எனக்கென்று இருக்கிறவர்கள் மாலையில் கேரம் ஆடுகிற கூட்டாளிகள் மூன்று பேர்: எலெக்ட்ரீஷியன், பல் டாக்டர், டெய்லர் மாஸ்டர். சொன்னதும் மூவரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வருவதாக ஒப்புக்கொண்டார்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று முடிவு செய்வது மட்டும் என் தலையில். யோசித்தேன். ஒருவர் ஆசையாகக் கையால் வைத்த செடி என்றால் எது? ரோஜா. கலர் கலராக இலை விட்ட குரோட்டன்ஸ். கமகமவென்று பூக்கிற கொடி. சரி, அதெல்லாம் இருக்கட்டும். சொல்லும்படியான இலையும் இல்லாமல் பூவும் இல்லாமல், ரோட்டோரத்தில் ஆடுகூட மோந்து பார்த்துவிட்டுப் போகிற ரகங்கள் மூலைக்கு மூலை நின்றன. அவை களை. மாஸ்டரிடம் சிவப்பு ரிப்பன் ஒரு சுருள் வாங்கி, எடுக்க வேண்டிய செடி ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டேன். ஆயுசு முழுக்க சிவப்பு மையால் வேண்டாததை அடித்துப் பழகிய கை இது. சிவப்பு என்றால் நீக்கு. இதை யாருக்கும் விளக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

கடைசிச் செடிக்கு முடிச்சுப் போடும்போது கையை விட்டது குளவிக்கூட்டில். அப்புறம் நடந்ததை மரியாதைக்குரிய தங்களுக்கு எழுத வேண்டாம். கூட்டாளிகள் வந்து சேர்ந்தபோது என் முகம் பூசணிக்காயாக இருந்தது, கண் இரண்டும் மூடிவிட்டன. பல் டாக்டர் மருந்து போட்டு, நனைத்த துணியைக் கண்ணில் வைத்து, ஜன்னலோரக் கட்டிலில் படுக்கவைத்தார். "நீ படுடா, நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள். படுத்தபடியே ஜன்னல் வழியாகக் கத்தினேன்: "ரிப்பன் கட்டியிருக்கேனே, பார்த்தீங்களாடா?"

"பார்த்தோம், பார்த்தோம்" என்றான் எலெக்ட்ரீஷியன்.

"அது எதுக்குன்னு தெரியும்ல?"

"ஏண்டா, சிவப்பு கட்டியிருந்தா என்னன்னு பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நீ தூங்கு."

மனம் குளிர்ந்துவிட்டது. நண்பன் என்றால் இவனல்லவா நண்பன் என்று கண்ணை மூடினேன். அதாவது அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது. வெளியே வெட்டுகிற சத்தம், இழுக்கிற சத்தம், நடுவே "பாம்பு! பாம்பு!" என்று எலெக்ட்ரீஷியனின் அலறல், பிறகு அது முன்னால் குடியிருந்தவர் விட்டுப்போன தண்ணீர்க் குழாய் என்ற அறிவிப்பு. டெய்லர் மாஸ்டர் வேலியை அளவு நாடா வைத்து அளந்துவிட்டுத்தான் வெட்டுவேன் என்று அடம்பிடித்ததும் காதில் விழுந்தது. "மேலால வெட்டாதீங்க மாஸ்டர், வேரோட எடுக்கணும், இல்லேன்னா திரும்பத் தொந்தரவு கொடுக்கும்" என்று பல் டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது மாமா. தூங்கியேவிட்டேன்.

சாயங்காலம் ஒரு கண் கீற்றளவு திறந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கேட் தெரிந்தது, தெரு தெரிந்தது, எதிர்வீட்டுக்காரரின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன். தோட்டம் துடைத்துவிட்டது போல இருந்தது. ரோஜா இல்லை. குரோட்டன்ஸ் இல்லை. கொடி இருந்த இடத்தில் குழி. சுத்தமான மண்ணில், தலையில் சிவப்பு ரிப்பனோடு, ஸ்கூல் பிள்ளைகள் மாதிரி வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றவை நான் எடுக்கச் சொன்ன களைகள். சுற்றிலும் பாத்தி வேறு கட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள்.

"அடப்பாவிகளா! சிவப்புன்னா எடுக்கணும்டா!"

"சிவப்புன்னா தொடக்கூடாதுடா!" என்றான் எலெக்ட்ரீஷியன். "எங்க தொழில்ல சிவப்பு கட்டின ஒயரைத் தொட்டவன் வீட்டுக்குத் திரும்ப மாட்டான்."

பல் டாக்டரைப் பார்த்தேன். "நானும் சிவந்திருந்தா கைவைக்க மாட்டேன்பா. முதல்ல மருந்து, வீக்கம் வடிஞ்சப்புறம்தான் பிடுங்கறது" என்றார். மாஸ்டர், "எனக்கு ஒண்ணும் தெரியாது, இவங்க கோடு போட்டாங்க, நான் வெட்டினேன்" என்று கழன்றுகொண்டார். எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். என் குழந்தையைத் தெருவில் நிறுத்திவிட்டீர்களே என்றுகூடச் சொல்லிவிட்டேன். எலெக்ட்ரீஷியனும் டாக்டரும் குப்பையை எலெக்ட்ரீஷியனின் வேனில் ஏற்றிக்கொண்டு தலையைக் குனிந்தபடி கொட்டப் போய்விட்டார்கள். மாஸ்டர் மட்டும் துணைக்கு இருந்தார். சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கார அம்மா வந்தார். கேட்டைத் திறந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மெதுவாக நடந்துபோய் முதல் செடிக்கு முன்னால் உட்கார்ந்தார். அதன் ரிப்பனைத் தொட்டார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, "எப்படி தம்பி கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

அவருடைய கணவர் ரயிலில் கார்டாக இருந்தவராம் மாமா. எந்தெந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கிறதோ அங்கே தண்டவாளத்தோரம் முளைத்துக் கிடப்பதில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வருவாராம். என்ன செடி என்று அவருக்கும் தெரியாது, பேரும் தெரியாது. "இது மலை அடிவாரத்துல ஒரு சின்ன ஸ்டேஷன். இது ரெண்டு லைன் பிரியற இடம். இது, எங்க முதல் பொண்ணு பொறந்த அன்னைக்கு வண்டி எங்கேயோ நின்னுபோச்சு, வந்து சேர முடியல, அங்கேயிருந்து கொண்டுவந்தது" என்று ஒவ்வொன்றாகத் தடவிச் சொன்னார். ரோஜாவும் குரோட்டன்ஸும் முன்னால் குடியிருந்தவர் வைத்தவையாம். "அந்த ஆளைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது. நல்லவேளை, தடமே இல்லாமப் பண்ணிட்டீங்க. அதுவும் சிவப்பு கட்டியிருக்கீங்க பாருங்க! அவரா இருந்தாலும் சிவப்புக் கொடியைத்தான் காட்டியிருப்பார், நிறுத்து, தொடாதேன்னு."

பிழை திருத்திப் பிழைக்கிற நான் என் வாழ்நாளில் ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டது அன்றைக்குத்தான். மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், காலை மிதித்தேன். "உங்களுக்கு இஷ்டம் உள்ளவரைக்கும் இருங்க தம்பி. குழந்தை இந்தச் செடிகளுக்கு நடுவுல தவழட்டும்" என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரோடு வேலை பார்த்தவர்களை அழைத்துவந்து தோட்டத்தைக் காட்டப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனதும் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன், ஆனால் வீங்கின கண்ணில் உப்புத்தண்ணீர் பட்டு எரிந்ததில் சந்தோஷம் நீடிக்கவில்லை. வீடு நிலைத்துவிட்டது மாமா. மலையை இறக்கி வைத்தது போல இருக்கிறது. அன்றிரவு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

எலெக்ட்ரீஷியனுக்கும் டாக்டருக்கும் இதை இன்னும் சொல்லவில்லை. ரோஜாவைப் பிடுங்கின பாவத்துக்கு இரண்டு நாள் தவிக்கட்டும் என்று மாஸ்டரிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். கேரம் பக்கமே வராமல் இருவரும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டு திரிவதாகக் கேள்வி. பாவம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஆகவே எந்தக் கவலையும் இல்லாமல் தங்கள் மகளையும் பேத்தியையும் தயார் செய்து வைக்கவும். மாதக் கடைசியில் வந்து அழைத்துக்கொள்கிறேன். அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் முழங்கால் வலி குறைந்து, இரத்தக்கொதிப்பு அடங்கி, தீர்க்காயுளோடு பேத்தியின் பேரனையும் பார்க்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் வார்த்தைக்குக் கட்டுப்பட்ட
மாப்பிள்ளை

பின்குறிப்பு: காலையில் எழுதி ஒட்டின உறையைப் பிரித்து இதைச் சேர்க்கிறேன். மேலே எழுதியதில் சுகவிசாரிப்பு தவிர மற்றதை மறந்துவிடவும். அச்சகத்திலிருந்து திரும்பினால் கேட்டருகே எலெக்ட்ரீஷியனும் பல் டாக்டரும் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்கள். செய்த தப்பைச் சரிசெய்ய இருவரும் லீவு போட்டுவிட்டு வந்தார்களாம். "சிவப்புன்னா எடுக்கணும்னு சொன்னல்ல? ஒண்ணு விடாம எடுத்தாச்சுடா. இப்பத்தான் மனசு ஆறுச்சு" என்றான் எலெக்ட்ரீஷியன். டாக்டர் எல்லாவற்றையும் வேரோடு எடுத்திருக்கிறார். குப்பை வண்டி வந்து போய்விட்டது. இப்போது தோட்டத்தில் மண் மட்டும் இருக்கிறது, மிகச் சுத்தமாக இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்; பிறகு மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு மூவரும் கடப்பாரையோடு தண்டவாளத்தோரம் தேடப் போயிருக்கிறார்கள். எதைத் தோண்டுவது என்று நான் வந்து காட்டுகிறேன் என்றேன், வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். தாங்களும் இதைக் கண்டதும் தங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு நடை போய், பிளாட்பாரம் முடிகிற இடத்தில் என்ன முளைத்திருந்தாலும் வேர்மண்ணோடு எடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவைக்கவும். களைதானே, அங்கேயே கிடைக்காதா என்று தாங்கள் கேட்கலாம். இந்தத் தெரு முழுக்க, வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டேன் மாமா. ஒன்றுகூட இல்லை. எல்லாரும் தோட்டத்தை அவ்வளவு நன்றாக வைத்திருக்கிறார்கள்.