சேர்த்து இருபது கிலோ

எடை இயந்திரத்தின் முள் ஒன்றரைக் கிலோ தள்ளி நின்றது. தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். கண்ணாடியின் மேல் பழி போட வழியில்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னம்மா இது? எல்லாரும் இறங்கறாங்க, நீ மட்டும் ஏறியிருக்கியே!"

தட்டச்சுப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தக் குடிநீர் அலுவலகத்தில் மொத்தம் பத்துப் பேர். மாநிலம் முழுவதும் அரசு தொடங்கியிருந்த 'நலமாய் வாழ்வோம்' திட்டத்தில் அவர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். தனித்தனியாக யாரும் இளைக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் அலுவலகம் மொத்தமாக இருபது கிலோ இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை நர்ஸம்மா வந்து நிறுத்துக் குறித்துக்கொண்டு போவார்.

இருபது கிலோவில் தலைமை எழுத்தரின் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி வேறு ஊரில் ஆசிரியை. நான்கு வருடமாக இவர் இங்கே ஓட்டல் சாப்பாடு, அவர் அங்கே ஒற்றை ஆளுக்குச் சமையல். இடமாறுதல் மனுவை நீட்டிய போதெல்லாம் அதிகாரி பேச்சை மாற்றிவிடுவார். இந்த முறை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "இருபது கிலோ இறக்கிக் காட்டுங்க. அன்னிக்கே கையெழுத்து."

மதியம் தட்டச்சுப் பெண் தானாகவே அவர் மேசைக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"சார், எனக்கு மூணாவது மாசம். போன தடவை தங்கல. கொஞ்சம் நிலைக்கிற வரைக்கும் வெளிய சொல்லப் பயமா இருக்கு. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்."

தலைமை எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "என் வாய்ல இருந்து ஒரு எழுத்து வெளிய போகாது. தெய்வம் உன்னைக் கைவிடாது. போம்மா, நல்லா சாப்பிடு."

சொல்லிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் கணக்கு உறைத்தது. அவள் ஏழு கிலோவாவது ஏறுவாள்; அதையும் மற்றவர்கள் இறக்க வேண்டும். காரணத்தையும் சொல்லக் கூடாது.

மறுநாள் சுவரில் பெரிய தாள் ஒட்டினார். பத்துப் பேரின் எடையும் அதில். தலைப்பில் 'நம் இலக்கு இருபத்தேழு' என்று எழுதினார்.

வரைபடக்காரர் வந்து நின்றார். கதவில் பக்கவாட்டாக நுழைகிற உடம்பு அவருக்கு. அலுவலகம் அவரைச் செல்லமாக 'ஒல்லி' என்று அழைத்தது.

"இருபதுதானே சார் கேட்டாங்க? மீதி ஏழு யாருக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"பாதுகாப்பா? என் உயிருக்கே பாதுகாப்பு இல்ல சார். காலையில ரெண்டு வெள்ளரிக்காய் சாப்பிட்டேன். அது எந்த மூலையில கிடக்குன்னு வயிறு தேடிக்கிட்டு இருக்கு."

நாலு மணிக்கு எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பத்துச் சுற்று நடப்பது என்று தீர்மானமாயிற்று. முதல் நாளே தட்டச்சுப் பெண்ணும் வரிசையில் வந்து நின்றாள்.

"நீ உக்காரு!" என்று தலைமை எழுத்தர் போட்ட சத்தத்தில் தொட்டி மேலிருந்த புறாக்கள் பறந்தன. "அதாவது... போன் வந்தா எடுக்க ஆள் வேணும்ல?"

"அந்தப் போன் செத்து ஆறு மாசமாச்சே சார்" என்றார் ஒல்லி.

"திடீர்னு பொழைச்சு வந்தா?"

ஒல்லி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தார்.

அடுத்த சிக்கல் சாப்பாட்டு டப்பாவில் முளைத்தது. எல்லோரும் பலகாரத்தை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் கட்டிக் கொடுப்பவர்கள் நிறுத்தவில்லை. நிறைந்த டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோனால், "ஏன், என் சமையல் இறங்கலையா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்வதைவிட டப்பாவைக் காலி செய்வது சுலபம். எங்கே காலி செய்வது? தொட்டியைச் சுற்றி வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டச்சு மேசையில் எதையாவது வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வறுத்த கடலை, ஒருவர் வாழைப்பழம், ஒல்லி ஒரு டப்பா நிறைய நெய்யில் செய்த இனிப்பு.

"சும்மா கொறிங்கம்மா, போனுக்குக் காவல் இருக்கீங்கல்ல" என்றார் ஒல்லி.

தலைமை எழுத்தர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அலுவலகத்தின் எடை எங்கும் போகவில்லை, மேசை மாறிக்கொண்டிருந்தது. கொடுக்காதே என்று தடுக்கலாம்தான். ஆனால் பசித்த தாய் வாயருகே கொண்டுபோவதைத் தடுக்கிற கை என்ன கை? ஒருவாரம் யோசித்தார். கடைசியில் தன் ஆப்பிளையும் கொண்டுபோய் அங்கேயே வைத்தார்.

பிறகு தன் வயிற்றைத்தான் கட்டினார். இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டார். மறுவாரம் அதற்கும் உள்ளே இன்னொன்று.

"என்னங்க, குரல் ஏன் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு?" என்று மனைவி தொலைபேசியில் கேட்டார்.

"உன்கிட்ட வந்து சேரத்தான் இளைக்கிறேன்."

"நீங்க முழுசா வாங்க. பாதி ஆள வச்சு நான் என்ன பண்றது?"

மூன்றாம் மாதம் நிறுவை நாள் வந்தது. முந்தின நாள் மாலையே எல்லோரையும் நிறுத்துப் பார்த்துத் தாளில் கூட்டினார். ஒன்பது பேர் சேர்ந்து இருபத்தொரு கிலோ இறங்கியிருந்தார்கள். தட்டச்சுப் பெண் ஏழு கிலோ ஏறியிருந்தாள். மிச்சம் பதினாலு. மூன்று முறை கூட்டினார். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. பதினாலு பதினாலாகவே இருந்தது.

காலையில் அவர் மேசையில் ஒரு விடுப்புக் கடிதம் வந்து விழுந்தது. எதிரே தட்டச்சுப் பெண்.

"இன்னிக்கு ஒரு நாள் லீவு குடுங்க சார். நான் இல்லன்னா கூட்டல் சரியா வரும். உங்க மாறுதல் என்னால கெட வேண்டாம்."

கை கடிதத்தின் மேல் போயிற்று. ஒரு கையெழுத்துதான். மனைவியின் ஊர், சுடச்சுடச் சோறு, எதிரே உட்கார்ந்து பேச ஒரு முகம். எல்லாம் அந்தப் பேனா முனையில் நின்றன.

கடிதத்தை இரண்டாகக் கிழித்தார்.

"நாலு வருஷம் காத்திருந்தவனுக்கு இன்னும் ஒரு வருஷம் பெரிசில்ல. ஒரு உயிர இல்லன்னு ஒளிச்சு வச்சு எனக்கு ஒரு மாறுதலா? போ, போய் நிமிர்ந்து நில்லு."

அவள் ஏறி நின்றாள். முள் தயங்காமல் ஏறியது. நர்ஸம்மா குறித்துக்கொண்டார். பத்தாவது ஆளாகத் தலைமை எழுத்தர் ஏறி இறங்கினார். மனசுக்குள் கடவுளிடம், 'பிள்ளை நல்லபடியா வந்தா போதும்' என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

நர்ஸம்மா பேரேட்டை மூடினார். "இருபத்தொண்ணு. ஜெயிச்சுட்டீங்க சார்."

தலைமை எழுத்தர் அவரைத் தனியே கூட்டிப்போனார். "நர்ஸம்மா, கூட்டல்ல தப்பு இருக்கு. பதினாலுதான் வரும். அந்தப் பொண்ணோட ஏழு கிலோவ விட்டுட்டீங்க."

நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வயித்துப் பிள்ளைக்காரிய கணக்குல சேக்கக்கூடாதுங்கறது விதி சார், உங்க அதிகாரியில இருந்து ஒல்லி வரைக்கும் எட்டுப் பேரும் தாங்களாவே ஊகிச்சுத் தனித்தனியா வந்து, 'அந்தப் பொண்ண விட்டுடுங்க, யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமா தலைமை எழுத்தருக்குத் தெரியவே வேண்டாம், அவருக்கு ரகசியம் தங்காது'ன்னு முதல் மாசமே என் காதுல சொல்லிட்டாங்களே!"