இண்டிகேட்டர் டீச்சரும் ஒரு சோத்தாங்கையும்

அறந்தாங்கிச் சாலையில் வண்டி ஓட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்றாம் வகுப்பு ஆசிரியை உலகத்திலேயே ஒருவர்தான். எங்கள் இண்டிகேட்டர் டீச்சர். ஸ்கூட்டியில் வலப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு இடப்பக்கம் திரும்புவார். இடப்பக்கம் போட்டால் வலப்பக்கம். ஒரு நாளும் இது மாறியதில்லை என்பதால் ஒரு விபத்தும் நடந்ததில்லை. டவுன் பஸ் டிரைவர் நிதானமாகக் கண்டக்டரிடம் சொல்வார்: "டீச்சர் வலது பக்கம் லைட்டப் போட்டாச்சு. இங்கிட்டு இடது பக்கம் வருவாங்க, கொஞ்சம் பொறுங்கப்பா."

அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு இடம், வலம் சொல்லிக்கொடுக்க வேண்டி வந்தது. அந்த வெள்ளிக்கிழமை கல்வி ஆபீசர் வேறு பார்வையிட வருகிறார். நான் மூன்றாம் வகுப்பு வாத்தியார். எங்கள் இரண்டு வகுப்புக்கும் ஒரே ஹால், நடுவில் ஒரு பீரோதான் சுவர். அதனால் எல்லாவற்றுக்கும் நானே சாட்சி.

திங்கட்கிழமை உள்ளங்கையில் பேனாவால் 'வ' என்று எழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்ததாம். அந்தக் கையைத் தூக்கி, "இதான் வலக்கை" என்றார். எதிரே நின்ற பிள்ளைகள் டீச்சரைப் பார்த்து அதே பக்கத்துக் கையைத் தூக்க, அத்தனையும் இடக்கை! டீச்சர் தன் கையைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், கடைசியில் 'வ' மேலேயே சந்தேகப்பட்டார்.

மறுநாள் பிரச்சினையை வேரோடு பிடுங்கிவிட்டார். வகுப்புக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "இனிமே என் முதுகப் பாத்துத்தான் படிக்கணும்."

முதுகுக்கு ஏது கண்? பிள்ளைகள் பையிலிருந்து முந்திரிப் பழத்தை எடுத்துச் சப்ப ஆரம்பித்தன.

"டீச்சர், பின்னாடி எல்லாம் தின்னுக்கிட்டு இருக்குதுங்க" என்றேன்.

"தின்னட்டும் சார். எந்தக் கையில திங்குதுங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

இடம், வலம் என்ற வார்த்தைகள் மட்டும் பிள்ளைகள் மண்டையில் ஏறவில்லை. புதன்கிழமை பொறுமை இழந்து, ஊர் வார்த்தையிலேயே கேட்டுவிட்டார். "சோத்தாங்கையத் தூக்குங்கடா!" என்ன ஆச்சரியம், சட்டென்று எல்லாம் வலக்கை. முன்வரிசை ரோஸ்லின் மட்டும் இடக்கையைத் தூக்கினாள்.

"ஏய், பீச்சாங்கை! பீச்சாங்கை!" என்று வகுப்பே சிரித்தது.

"நான் இதுலதான் சோறு திம்பேன் டீச்சர்" என்றாள் ரோஸ்லின்.

டீச்சர் யோசித்தார். "சரியாத்தானே சொல்லுறா? அவளுக்கு அதான் சோத்தாங்கை."

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் சிரிப்பு நிற்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். எழுதவில்லை, ஏட்டைத் திறக்கவுமில்லை. எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை அவள் அம்மா வந்துவிட்டார். "கையக் கட்டிப் போட்டாவது மாத்தி விடுங்க டீச்சர். நாளைக்குப் பந்தியில ஒக்காந்தா எங்களத்தான கேப்பாங்க?"

"மாத்திரலாம்ங்க. கொஞ்சம் வண்டியில ஏறுங்க, பேசிக்கிட்டே ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

மைதானத்தில் ஒரே ஒரு சுற்று. விளக்கு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், அந்த அம்மா மாதாவைக் கூப்பிட்ட சத்தம் பீரோவுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சாண் முன்னால் வண்டி நின்றது.

"சின்னதுல என்னையவும் கையக் கட்டித்தான் மாத்துனாங்க. அதுலருந்து எனக்கு எங்கிட்டுத் திரும்புறதுன்னே வெளங்கலங்க" என்றார் டீச்சர்.

"ஆத்தாடி! அவ போக்குலயே எழுதட்டும் டீச்சர்" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் அந்த அம்மா.

பெற்றவள் மனம் மாறியாயிற்று, பெற்ற பிள்ளைதான் மாறவில்லை. வெள்ளிக்கிழமையும் கை தொடைக்கு அடியில்தான். ஆபீசர் வந்தார். "எங்க, வலக்கையத் தூக்குங்க பாப்போம்" என்றார். ரோஸ்லின் தவிர மொத்த வகுப்பும் எழுந்து, திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்கியது.

"என்னங்க இது, முதுகக் காட்டுதுங்க?"

"அப்பத்தான் சார் ஒங்களுக்குக் கொழம்பாது" என்றார் டீச்சர் பணிவாக. கூட வந்திருந்த தலைமை ஆசிரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

ஆபீசர், எழுந்திருக்காத ரோஸ்லினைப் பார்த்தார். "நீ வாம்மா. போர்டுல 'பழம்' எழுது."

அவள் அசையவில்லை. வகுப்பு கமுக்கமாகச் சிரிக்கத் தயாரானது. டீச்சர் விறுவிறுவென்று போர்டுக்குப் போனார். சாக்பீஸை இடக்கையில் பிடித்து, அந்த ஆபீசர் முன்னாலேயே 'பழம்' என்று எழுதினார். பழக்கம் விட்டுப்போன கை. எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட அப்படி எழுதாது. சிரிப்பெல்லாம் அவர் பக்கம் திரும்பிவிட்டது. அவருக்கு வேண்டியதும் அதுதான்.

ரோஸ்லின் உற்றுப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் எழுந்து போனாள். "'ழ'வக் கெடுத்துட்டீங்க டீச்சர், குடுங்க" என்று சாக்பீஸை வாங்கி, இடக்கையாலேயே கீழே எழுதினாள். முத்து முத்தான எழுத்து.

"எழுதுனா இப்படி எழுதணும்" என்றார் ஆபீசர். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சருக்கு இப்போது கோட்டைப்பட்டினம் பக்கம் மாற்றலாகிவிட்டது. எனக்கு ஒரே கவலைதான்: அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அவரைத் தெரியாதே. ஐயா, அந்தப் பக்கம் போகிறவர்களே, வலப்பக்க விளக்கைச் சிமிட்டிக்கொண்டு ஒரு ஸ்கூட்டி போனால், இடப்பக்கம் கொஞ்சம் வழி விடுங்கள். போவது எங்கள் டீச்சர்.